அத்தியாயம் 7: தடைக்காலம்

ஏப்ரல் 15 பிறந்ததும் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தின் சத்தம் மாறிவிடும். விடியற்காலை ஏலக் குரல் அடங்கிப்போகும். பகல் முழுக்கச் சுத்தியல் சத்தமும் பெயின்ட் வாசனையும் தெருவரைக்கும் வரும். அன்றிலிருந்து ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதால் இந்தத் தடை. 2001-ல் 45 நாட்களாகத் தொடங்கியது, 2017 முதல் 61 நாட்களாக நீண்டது.

என் தாய்மாமனுக்கு விசைப்படகு ஒன்றில் பங்கு இருந்தது. ஒரு தடைக்காலத்தில் அவரைப் பார்க்கப் போயிருந்தேன். கரையேற்றிய படகின் அடியில் மல்லாந்து படுத்து, பலகை இடுக்கில் பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார்.

"இத்தன நாளு சும்மா இருக்குறது கஷ்டமா இல்லியா மாமா?"

"சும்மா யாருடா இருக்கா? கடல்ல இருக்கும்போது படக எங்க பாக்குறோம், மீனத்தான் பாக்குறோம். கரையில ஏத்தினாத்தான் எந்தப் பலக உளுத்திருக்குன்னு தெரியும்."

அவர் படகைப் பற்றித்தான் சொன்னார். அது எழுத்துக்கும் பொருந்தும் என்று எனக்கு உறைக்கப் பல ஆண்டுகள் ஆயின. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு பேச்சைச் சுற்றித்தான்.

நான் சென்னைத் துறைமுகத்தில் டாலி எழுதியவன். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணி, கன்டெய்னர் நம்பர், சீல் நம்பர், எங்கே நசுங்கியிருக்கிறது என்பதையெல்லாம் டாலி ஷீட்டில் குறிப்பது வேலை. இரவு ஷிப்டுகளின் இடைவெளியில் ஒரு நாவல் எழுதினேன். கடைசி வரியை முடித்த வாரமே தட்டச்சுக்குக் கொடுத்து, மறு வாரமே ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். சில மாதங்களில் இரண்டு வரிக் கடிதத்தோடு திரும்பி வந்தது. கோபத்தில், காசு வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தரும் இன்னொருவரிடம் போனேன். 500 பிரதிகள் அட்டைப் பெட்டிகளில் வீடு வந்து கட்டிலுக்கடியில் தங்கின. 2015 டிசம்பர் மழையில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நனைந்த பிரதிகளை மொட்டை மாடியில் காயவைக்கும்போது, ஒன்றை எடுத்து முதல் பக்கத்திலிருந்து படித்தேன். எழுதியவனாக இல்லாமல் வாசகனாக அதைப் படித்தது அன்றுதான்.

வின்ச் ஓட்டுபவரின் பெயர் மூன்றாம் அத்தியாயத்தில் ஒன்றாகவும் ஒன்பதாம் அத்தியாயத்தில் வேறாகவும் இருந்தது. அதைக்கூட மன்னிக்கலாம். கதையில் வந்த துறைமுகத்தில் கடத்தல் இருந்தது, கத்தி இருந்தது, இரவில் துரத்தல் இருந்தது. நான் அத்தனை ஆண்டுகள் வேலை பார்த்த துறைமுகத்தில் ஒரு கத்தியையும் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தவை வேறு. எர்ணாவூரிலிருந்து துறைமுகத்தின் ஜீரோ கேட் வரைக்கும் நிற்கும் டிரெய்லர் வரிசையில், வண்டி எப்போது நகருமோ என்று ஸ்டீயரிங்கை விட்டு இறங்காமல் விடிய விடிய விழித்திருக்கும் டிரைவர். அவருக்கு டீ கொண்டுவரும் கிளீனர் பையன். நசுங்கின கன்டெய்னரை நான் நசுங்கினது என்று எழுதுவேனா மாட்டேனா என்று என் பேனாவையே பார்த்துக்கொண்டு நிற்கும் ஏஜென்ட். இவர்களில் ஒருவரும் என் நாவலில் இல்லை.

அவசரமாக எழுதும்போது, மற்றவர்கள் நம் ஊரைப் பற்றி வரைந்துவைத்திருக்கும் படம்தான் முதலில் கைக்கு வரும். நம் கண் பார்த்தது அடியில் கிடக்கும். அது மேலே வர நாளாகும். எழுத்தாளனுக்குப் பொறுமை எதற்கு என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் பதில் இதுதான். புகழ் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் இரண்டாம் பட்சம்.

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இருந்து எழுத வருபவர்களுக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்தும். வடசென்னை என்றதும் சினிமா காட்டின முகம் ஒன்று எல்லார் மனதிலும் இருக்கிறது. ரவுடிக் கதை கொடுத்தால் சீக்கிரம் விலைபோகும். அந்த ஆசையைத் தாங்கிக்கொண்டு, கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல் படிந்த தண்ணீரில் இடுப்பளவு நின்று கையால் இறால் தடவிப் பிடிப்பவர்களைப் பற்றி எழுத ஒருவர் உட்கார்ந்தால், அதற்கு நாளாகும். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் கொட்டியதையும், வாளியால் அதை அள்ளியதையும் கரையில் நின்று பார்த்தவர்கள் நாம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் வீடுகளின் சுவரில் ஏறியதையும் பார்த்தோம். செய்தி அன்றே வந்துவிட்டது. அதைக் கதையாக எழுதப் பத்து ஆண்டுகள் ஆனால் ஆகட்டும். கரன் கார்க்கி, பாக்கியம் சங்கர், 'வடசென்னைக்காரி' எழுதிய ஷாலின் மரியா லாரன்ஸ், சிந்தாதிரிப்பேட்டையைப் 'பேட்டை' நாவலாக்கிய தமிழ்ப்பிரபா ஆகியோரைப் படியுங்கள். நமக்குத் தெரிந்த தெருக்களை உள்ளே இருந்து பார்த்து எழுதினால் எப்படி இருக்கும் என்பது புரியும். அவர்கள் எழுதியதையே திருப்பி எழுதாமல் இருக்கவும் அந்தப் படிப்பு உதவும்.

ஷிப்டுக்காரரின் நேரம்

தினமும் காலை நான்கு மணிக்கு எழுந்து எழுதுங்கள் என்று எழுத்துப் பயிற்சி நூல்கள் சொல்கின்றன. நான்கு மணிக்கு நம்மில் பாதிப்பேர் இரவு ஷிப்டில் இருப்போம், அல்லது ஏலத்துக்குக் கூடையோடு நின்றுகொண்டிருப்போம். அந்த அறிவுரையைப் பின்பற்ற முடியாமல், நமக்கு ஒழுக்கம் போதாது என்று நினைத்து எழுத்தையே விட்டுவிட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களிடம் குறை இல்லை. அந்த அறிவுரை அவர்களுக்காகச் சொல்லப்பட்டதல்ல.

கடிகார நேரத்தை விடுங்கள். வேலையின் ஏதாவது ஒரு முனையில் எழுத்தைக் கட்டுங்கள். ஆறு முதல் இரண்டு ஷிப்ட் என்றால், வீடு வந்து குளித்ததும் நாற்பது நிமிடம். இரண்டு முதல் பத்து என்றால், கிளம்புவதற்கு முன். இரவு ஷிப்ட் வாரத்தில் புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம், உடம்பு கேட்காது. அந்த வாரம் ஏற்கெனவே எழுதியதைப் படித்துத் திருத்தும் வாரம். மூன்று வாரச் சுற்றில் இரண்டு வாரம் எழுத்து, ஒரு வாரம் திருத்தம். இப்படி ஒரு சுற்றுக்குப் பழகிய பிறகு, ஷிப்ட் மாறினாலும் எழுத்து அறுந்துபோகாது. ஓவர்டைம் வந்து ஒரு நாள் போனால் போகட்டும். அதை மறுநாள் ஈடுகட்டப் பார்க்காதீர்கள். கடன் சேர்ந்தால் நோட்டைத் திறக்கவே பயம் வந்துவிடும்.

பெண்களுக்கு ஷிப்ட் முடிவதே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தண்ணீர் லாரி வரும் நேரம், பிள்ளை பள்ளியிலிருந்து வரும் நேரம், மீன் விற்றுத் தீரும் நேரம் என்று நாள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். அவர்களுக்கு நாற்பது நிமிடம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு ஐந்து வரி. செல்போனில் குரல் பதிவாகச் சொல்லிவைத்து ஞாயிற்றுக்கிழமை எழுதிக்கொண்டாலும் சரி. வீட்டில் இருக்கும் ஆண்கள் இந்தப் பத்தியைப் படித்தால், அந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சமையலை எடுத்துக்கொள்ள வேண்டும். இதையும் எழுத்துப் பயிற்சியில் ஒரு பாகமாகத்தான் நான் கருதுகிறேன்.

வேலை எழுத்துக்கு எதிரி என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு அசோகமித்திரனைக் காட்டுவேன். 1952-ல் செகந்திராபாத்திலிருந்து சென்னைக்கு வந்தவர், ஜெமினி ஸ்டுடியோவில் பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே பார்த்த உலகம் 'கரைந்த நிழல்கள்' நாவலானது அந்த வேலையை விட்ட பிறகுதான். அதில் பெரிய நடிகர்களின் பகட்டு இல்லை. ஒரு படப்பிடிப்பு நடக்க வேண்டுமென்றால் வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் பணத்துக்கும் யார் யார் அலைகிறார்கள் என்பதே இருக்கும். அதை வெளியாள் எழுத முடியாது. உங்கள் டயர் கம்பெனி, உங்கள் லாரிப் பட்டறை, உங்கள் ஐஸ் பேக்டரி ஒவ்வொன்றும் அப்படி ஒரு நாவலை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஜோ டி குரூஸை எடுத்துக்கொள்ளுங்கள். உவரியில் பிறந்து, சென்னையில் கப்பல் சரக்குப் போக்குவரத்துத் துறையில் இருப்பவர். முதல் நாவலான 'ஆழி சூழ் உலகு' 2004-ல் வந்தபோது நாற்பது வயதைத் தொட்டிருந்தார். அடுத்த நாவல் 'கொற்கை' 2009-ல். ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகும் அந்த நாவலுக்கு 2013-ல் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பகலில் சரக்குக் கணக்கு பார்க்கும் துறையில் இருப்பவரால் தன் கடற்கரையின் தலைமுறைகளை எழுத முடிந்திருக்கிறது.

பூமணி இன்னொரு வகை. கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். 'வெக்கை' 1982-ல் வந்தது. 'அஞ்ஞாடி' 2012-ல். இடையில் முப்பது ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் அவர் வேறு நாவல்களும் எழுதினார். ஆனாலும் அஞ்ஞாடியின் அளவுக்கு ஒரு வேலையைத் தூக்கிச் சுமக்க ஒரு வயது வேண்டியிருந்தது என்றே நான் நினைக்கிறேன். 'வெக்கை' வெளிவந்து 37 ஆண்டுகள் கழித்து 2019-ல் 'அசுரன்' படமாகிப் புது வாசகர்களிடம் போய்ச் சேர்ந்தது. புத்தகத்துக்கும் ஒரு பயணக் காலம் உண்டு. அது நம் கையில் இல்லாதது. நம் கையில் இருப்பது அடுத்த பக்கம்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஜெயகாந்தனைச் சொல்லாமல் இந்த வரிசை முடியாது. அவருடைய முதல் கதை 1950-ல் வந்தபோது வயது பதினாறு. கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகமும் அச்சுக்கூடமும் அவருக்குப் பள்ளிக்கூடங்களாயின. சீக்கிரம் தொடங்கியவர்களுக்கும் வேலை குறைவில்லை என்பதற்காக அவரைச் சொல்கிறேன்.

திருவொற்றியூர்க் கோயிலில்

தியாகராஜர் கோயிலுக்குள் வட்டப்பாறை அம்மன் சன்னதி இருக்கிறது. கம்பர் இரவிரவாக ராமாயணம் எழுத, அவருக்கு வெளிச்சத்துக்காக அந்த அம்மனே தீப்பந்தம் பிடித்து நின்றாள் என்று எங்கள் பாட்டி சொல்வார். ஊரில் எல்லோரும் சொல்லும் கதைதான். அதில் எனக்குப் பிடித்தது, தெய்வம் வந்து பாட்டை எழுதிக் கொடுக்கவில்லை என்பது. விளக்கை மட்டும் பிடித்தாள். எழுதியது மனிதன், விடிய விடிய.

இந்தக் கோயிலுக்கு ஏழுகிணற்றிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்த இன்னொருவர் ராமலிங்க வள்ளலார். ஒற்றியூர் ஈசனைப் பாடிய பாடல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவர் 1858 வாக்கில் சென்னையை விட்டுப் போனார். திருவருட்பா முதல் தொகுதி அச்சானது 1867-ல். ஒற்றியூரில் பாடியவை குறைந்தது ஒன்பது ஆண்டுகளாவது ஓலையிலும் ஏட்டிலும் அன்பர்கள் நாவிலும் இருந்திருக்கின்றன. அச்சில் கொண்டுவர அனுமதி கேட்டு அன்பர்கள்தான் அவர் பின்னால் அலைந்தார்கள். ஆறாம் திருமுறை 1885-ல் வந்தபோது அவர் இல்லை. நாம் ஞானிகள் இல்லை, அச்சில் பெயரைப் பார்க்கும் ஆசை நமக்குத் தப்பு இல்லை. ஆனாலும் தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் இறங்கும்போதெல்லாம் அந்த ஒன்பது ஆண்டுகளை நினைத்துக்கொள்வேன். என் அவசரம் கொஞ்சம் தணியும்.

அனுப்புவதற்கு ஒரு டாலி

பத்திரிகைக்குக் கதை அனுப்பிவிட்டு, தினமும் போனையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் ஒரு எழுத்தாளனை உள்ளே அரிக்கும் விஷயம். இதற்கு நான் கண்ட மருந்து டாலி ஷீட். ஒரு நீள நோட்டில் கோடு போடுங்கள். கதையின் பெயர், எங்கே அனுப்பினீர்கள், எந்தத் தேதி, எந்தத் தேதிக்கு நினைவூட்ட வேண்டும், என்ன பதில் வந்தது. நினைவூட்டும் தேதி மூன்று மாதம் தள்ளி இருக்கட்டும். அந்தத் தேதி வரும்வரை அந்தக் கதை உங்கள் தலையில் இல்லை, நோட்டில் இருக்கிறது. ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டும் ஏற்றுக்கொண்டால் இரண்டு ஆசிரியர்களின் நம்பிக்கையும் போய்விடும்.

அனுப்புவதற்கு முன் அந்தப் பத்திரிகையின் ஆறு இதழ்களாவது படித்திருக்க வேண்டும். காலச்சுவடு, உயிர்மை போன்றவற்றில் வரும் கதையின் போக்கு வேறு, வார இதழ்களில் வருவது வேறு. ஒன்று உசத்தி, இன்னொன்று மட்டம் என்று நான் சொல்லவில்லை. எந்த வாசலில் எந்தச் சரக்கு இறங்கும் என்று தெரியாமல் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது.

திரும்பி வந்த கதையை அன்றைக்கே திறக்காதீர்கள். பதில் கடிதத்தில் காரணம் இருந்தால் நோட்டில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், மறுப்பு சொல்லாமல். மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் அங்கே பலகை உளுத்திருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னால், அவர் ரசனையாகவும் இருக்கலாம்.

காசு கொடுத்துப் புத்தகம் போடுவதைப் பற்றி ஒரே வார்த்தை: இப்போது வேண்டாம். முன்பெல்லாம் தமிழில் ஒரு பதிப்பு என்றால் ஆயிரம், ஆயிரத்து இருநூறு பிரதிகள் அடிப்பார்கள். இன்று தேவைக்கு ஏற்ப ஐம்பது பிரதிகூட அச்சிட முடிகிறது. அதனால் அச்சிடுவது எளிதாகிவிட்டது. ஜனவரி புத்தகக் காட்சிக்குள் வந்துவிட வேண்டும் என்று நவம்பரில் கிளம்பும் அவசரம் பல நல்ல எழுத்துகளைப் பச்சையாகவே பறித்துவிடுகிறது. அடுத்த ஜனவரியும் வரும்.

61 நாட்கள்

இனி மாமா சொன்ன வேலைக்கு வருவோம். நாவலோ கதைத் தொகுப்போ, முதல் எழுத்து முடிந்ததும் ஒரு உறையில் போட்டு ஒட்டுங்கள். கணினியில் எழுதினாலும் அச்செடுத்து ஒட்டுங்கள். மேலே தேதி எழுதுங்கள். அங்கிருந்து 61 நாள். யாருக்கும் காட்டக் கூடாது, எடுத்துப் பார்க்கவும் கூடாது. காட்டினால் பாராட்டு வரும், பாராட்டு வந்தால் திருத்த மனம் வராது.

தடைக்காலத்திலும் சின்னப் படகுகளும் கட்டுமரங்களும் கரையோரம் போய் வருவதைப் பார்த்திருப்பீர்கள். தடை விசைப்படகுக்குத்தான். அதுபோல அன்றாடக் குறிப்பை நிறுத்தாதீர்கள். பஸ்ஸில் கேட்ட ஒரு பேச்சு, ஒரு வாசனை, ஒரு சண்டை, நாளுக்கு அரைப் பக்கம். கை துருப்பிடிக்காது.

பெரிய வேலை, பலகை தட்டிப் பார்ப்பது. உங்கள் கதையில் வரும் தொழில்கள் என்னென்ன என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரைத் தேடிப் போங்கள். கதையைச் சொல்ல வேண்டாம். "உங்க வேலைல ஒரு நாளு எப்படிப் போகும், சொல்லுங்கண்ணே" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். வலை பின்னும் ஒரு பெரியவரிடம் நான் இப்படி உட்கார்ந்தேன். முதல் ஒரு மணி நேரம் அவர் ஒன்றுமே பேசவில்லை. இரண்டாம் நாள், ஒவ்வொரு மீனுக்கும் எந்த அளவுக் கண்ணி என்று விரல்களை நுழைத்துக் காட்டினார். மூன்றாம் நாள், தன் அண்ணன் கடலுக்குப் போய்த் திரும்பாத கதையைச் சொன்னார். முதல் நாளே கேட்டிருந்தால் அது கிடைத்திருக்காது. அவர்கள் வாயில் வரும் சொல்லை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பேச்சுத் தமிழ் என்றால் எல்லார் வாயிலும் 'இன்னா', 'கீது' என்று போட்டுவிடுவது இல்லை. ராயபுரத்துக் கடலோரத்தில் பேசுவதும் எண்ணூர் ஆலைக் குடியிருப்பில் பேசுவதும் ஒன்று கிடையாது. தெலுங்கு கலந்த வீடு, உருது கலந்த வீடு, தெற்கிலிருந்து வந்த வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காது வேண்டும்.

பழைய காலத்தை எழுதுகிறீர்கள் என்றால் ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம் நடக்கும் தூரம். 1896-ல் திறந்தது. நாட்டில் வெளியாகும் நூல்களும் இதழ்களும் வந்துசேர வேண்டிய நூலகங்களில் ஒன்று. உங்கள் கதை நடக்கும் ஆண்டின் நாளிதழ்களைக் கேட்டு வாங்கி விளம்பரங்களைப் படியுங்கள். அரிசி என்ன விலை, எந்தப் படம் ஓடியது, எந்த ஆலை ஆள் எடுத்தது எல்லாம் அங்கேதான் இருக்கும். 1856-ல் முதல் ரயில் கிளம்பிய ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி எழுதும் எல்லோரும் அந்தத் தேதியையே எழுதுகிறார்கள். அந்த ஸ்டேஷனில் கூலி தூக்கியவர் அன்றைக்கு என்ன சாப்பிட்டார் என்று தேடுபவர்தான் நாவலாசிரியர்.

நாற்பதாம் நாள் வாக்கில் உறையைப் பிரிக்க ஒரு பெரிய ஆசை வரும். எனக்கு ஒவ்வொரு முறையும் வந்திருக்கிறது. அன்றைக்குக் காசிமேட்டுக்கோ எண்ணூர் முகத்துவாரத்துக்கோ போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

ஜூன் 14 இரவு காசிமேட்டுத் துறைமுகத்தைப் பார்க்க வேண்டும். ஐஸ் பெட்டிகளும் டீசல் கேன்களும் ஏறும், புதுப் பெயின்ட் அடித்த படகுகளில் மாலை தொங்கும், நள்ளிரவில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். உங்கள் 61-ம் நாள் எப்போது வந்தாலும் உறையை இரவில் பிரியுங்கள், வீடு அடங்கிய பிறகு. முதல் வாசிப்பில் கையில் பேனா இருக்கக் கூடாது. வாய்விட்டுப் படியுங்கள். குரல் எங்கே தடுக்குகிறதோ அந்த இடத்தில் பக்கத்தின் மூலையை மட்டும் மடித்துவைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போங்கள். திருத்தம் மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து.